மூணு பத்தாது

எடைமேடை ஆபீசில் ஒரு மீன்தொட்டி.
குலை ஏற்றிய லாரி மேடை ஏறும்போதெல்லாம்
தண்ணீருக்கு ஒரு சிலிர்ப்பு.

மூன்று டைகர், ஒரு ஏஞ்சல்.
பழைய மானேஜர் மாற்றலாகிப் போகையில்
சாவிக்கொத்தோடு சேர்த்து
எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது.

ஏஞ்சலின் துடுப்பு முந்தானை நீளம்.
அது திரும்பி முடிப்பதற்குள்
திருப்பத்தின் கடைசி இழையில்
ஒரு டைகர் வாய் வைத்திருக்கும்.
ஒரு துணுக்கு போகும்.
தின்னவும் மாட்டான்,
துப்பிவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பான்.

பசி என்றான் இஞ்ஞாசி.
இரண்டு வேளைத் தீனியை மூன்றாக்கினோம்.
வயிறு புடைத்தவர்கள்
கூடுதல் தெம்போடு கடித்தார்கள்.

கொழுப்பு என்றான் ரோஸ்லான்.
ஒரு நாள் பட்டினி போட்டோம்.
அன்றைக்கும் கடித்தார்கள்.

சனிக்கிழமை சம்பளத்தோடு
கோலா கெட்டில் டவுனுக்குப் போனேன்.
மூடிய தியேட்டருக்குப் பின்னால் லியோங்கின் கடை.
கம்பியில் வரிசையாகத் தண்ணீர்ப் பைகள்,
பைக்கு ஒரு சண்டைக்காரன்.

"எத்தனை டைகர் வச்சிருக்க?"
"மூணு."
"மூணு பத்தாது. இன்னும் அஞ்சு வாங்கு."
கடிக்கிறவனுக்குத் துணை இன்னும் கடிக்கிறவனா, தவ்க்கே?

வலையை நீருக்குள் நழுவவிட்டபடி சொன்னார்:
"யார் பெரியவன், யார் சின்னவன்,
அதை அவன் தினம் தினம் முடிவு பண்ணணும்.
துரத்தணும், துரத்துப்படணும்.
எட்டுப் பேர் இருந்தா
நாள் முழுக்க அதுக்கே சரியாப் போயிடும்.
மூணு பேர்னா காலையிலயே வேலை முடிஞ்சிரும்.
மிச்சப் பொழுதுக்கு என்ன செய்வான்?
மெதுவாப் போறவனைப் பார்ப்பான்."

ஆபீசில் நாங்கள் மூன்று பேர்.
பிப்ரவரியில் வந்து சேர்ந்தவள் தமயந்தி,
பாலிங் பக்கத்துத் தோட்டத்துக்காரி.
நீளமாகப் பேசுவாள்.
லாரி நம்பர் என்ன என்று கேட்டால்
அது எந்தப் பிரிவிலிருந்து கிளம்பியது,
நேற்றைய மழையில் குலைகள் எப்படி ஊறிக் கனத்தன,
டிரைவருக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல்,
ஆனாலும் லீவு கேட்கவில்லை அந்த மனுஷன்,
எல்லாம் சொல்லித்தான்
நம்பருக்கு வருவாள்.

வரவிட்டதில்லை நாங்கள்.
"தீபாவளிக்குள்ள வந்திருமா?" என்பான் இஞ்ஞாசி.
ரோஸ்லான் கொட்டாவியைச் சத்தமாக விடுவான்.
நான் அவள் குரலிலேயே
மீதி வாக்கியத்தை முடித்துவைப்பேன்.
எனக்கு அது நன்றாக வரும்.

அவள்மேல் ஒருவருக்கும் கோபமில்லை.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
இருபது நிமிடம் சும்மா கிடக்கும்,
அவ்வளவுதான்.

ஐந்து டைகர் பதினைந்து வெள்ளி.
பையை மோட்டாரின் கொக்கியில் மாட்டிக்கொண்டு
செம்பனைகளின் ஊடே திரும்பினேன்.
வழியெல்லாம் முழங்காலில்
குளிர்ந்து குளிர்ந்து இடித்தது தண்ணீர்.

எட்டானதும் தொட்டிக்குள் ஒரே கலவரம்.
யார் யாரைத் துரத்துகிறான்
என்று கண் வைக்க முடியவில்லை.
ஏஞ்சலை மறந்தே போனார்கள்.
அது நட்டநடுவில்
யாரோ விட்டுப்போன சேலைபோல் மிதந்தது.
நான்காம் வாரம் கிழிசலின் ஓரத்தில்
கண்ணாடியாய் ஒரு விளிம்பு.
நிறம் இன்னும் ஏறவில்லை.

எடைமேடைக்குக் கூடுதல் ஆள் கிடையாது என்று
தலைமை ஆபீஸ் கடிதம் போட்டிருந்தது.
நான் அதைத் தொட்டிக்கு அடியில் மடித்து வைத்தேன்,
தொட்டி ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்ததால்.

"தமயந்தி, இப்ப வந்த லாரி?"
"கேடிஏ நாலு ஏழு ஒண்ணு ரெண்டு."

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
காத்திருந்தேன்.
அவள் அடுத்த சீட்டை எடுத்துவிட்டாள்.
இஞ்ஞாசி செல்போனில் இருந்தான்.
ரோஸ்லான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த டிரைவருக்குக் காய்ச்சல் விட்டதா
என்று கேட்க வாயெடுத்தேன்.
லாரி ஒன்று மேடை ஏறியது,
தண்ணீர் சிலிர்த்தது.