மூன்றாம் நம்பர் பம்பு

எனக்குத் திமிங்கிலங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.
பம்புகளைத் தெரியும்.
ஆறு இருந்தன: நாலு ஜெர்மனி, இரண்டு இத்தாலி.
மூன்றாவது மட்டும் முனகும்,
பதினோரு வருடமாக.
பேரிங் தேய்ந்த முனகல்,
ஒரு நீள இழுப்பு, ஒரு விக்கல், மறுபடி இழுப்பு.

சட்டம் மாறிப் பூங்காவை மூடியதும்
டிக்கெட் பெண்கள் போனார்கள்.
கிரேப் சுடுகிறவன் கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு போனான்.
கிழிந்த நீலக் கொடிகளை யாரும் கழற்றவில்லை.
மிஞ்சியது நான், ஸொலேன்,
செவ்வாயும் வெள்ளியும் வரும் மருத்துவர்,
ஒந்தின்.

அந்தப் பெயர் ஒரு தயிர்க் கம்பெனிப் போட்டியில் கிடைத்தது.
ஜெயித்த குழந்தைக்கு ஒரு வருடத் தயிர்.
பிறந்தது இங்கேதான், இதே சிமெண்டில்.
தொட்டிலுக்கும் தொட்டிக்கும் ஓரெழுத்து வித்தியாசம்;
அவளுக்கு அந்த எழுத்தும் இல்லை.

சுவருக்கு அப்பால் இருநூறு மீட்டரில் அட்லாண்டிக்.
அதைத்தான் இழுக்கிறேன்.
மணல், பாசி, நண்டுக்குஞ்சு,
தூரத்திலிருந்து வந்த ஏதேனும் சேதி,
எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டு
உப்பை மட்டும் உள்ளே விடுகிறேன்.
என் வேலை அது. நன்றாகவே செய்தேன்.

பிற்பகல் மூன்றடித்தால் மேடைக்கு வந்துவிடுவாள்.
விசில் இல்லை, இசை இல்லை.
வயிறு தேய ஈரச் சிமெண்டில் ஏறி
வாலைத் தூக்கிக்கொண்டு
மூவாயிரம் காலி நாற்காலிகளைப் பார்ப்பாள்.
முதல் நாள் நான் கைதட்டினேன்,
ரப்பர் பூட்ஸும் கக்கத்தில் ஸ்பேனருமாக,
வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.
ஸொலேன் ஓடிவந்து "தட்டாதே" என்றாள்.
கொஞ்சம் கழித்து, "தட்டாமலும் நிற்காதே" என்றாள்.
பிறகு மீன் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தொன்பது வருடம் விசில் ஊதியவள்.
காலையில் அவள் பல் கழுவிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.
இரும்புக் கதவைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பற்கள்,
துளைபோட்டுத் திறந்தபடியே விட்டவை.
ஒவ்வொன்றிலும் மெல்லிய குழாயை நுழைப்பாள்.
ஒந்தின் வாயைப் பிளந்து காத்திருப்பாள்,
ஒரு கண் ஸொலேனின் மேல்.
"இது அன்புதானே?" என்று கேட்டேன்.
"அதுதான் கஷ்டம்."

எங்கே அனுப்புவது என்று கூட்டம் போட்டார்கள்.
கிழக்கே இன்னொரு பூங்கா, இதைவிட ஆழமான தொட்டி, தினம் நாலு காட்சி.
வடக்கே ஒரு விரிகுடா, வலைகட்டிக் கொஞ்சம் நிஜக் கடல்,
பணம் சேரும்வரை வரைபடத்தில் மட்டும்.
மருத்துவர் மேசையைப் பார்த்தபடி
மருந்தில் தூங்கவைப்பது பற்றிச் சொன்னார்.
யாரும் எதையும் தவறென்று சொல்லவில்லை.
கெர்வெல்லா என் பக்கம் திரும்பினார்:
"பம்புகள் இன்னும் எத்தனை குளிர்காலம் தாங்கும்?"
மூன்றாவதைச் சரிசெய்தால் இரண்டு, என்றேன்.

நவம்பரில் பேரிங் மாற்றினேன்.
முனகல் நின்றது.
பெருமையாகக்கூட இருந்தது.

அன்றிரவு மறுபடியும்:
ஒரு நீள இழுப்பு, ஒரு விக்கல், மறுபடி இழுப்பு.
டார்ச்சோடு ஓடிப்போய்ப் பம்பின்மேல் கைவைத்தேன்.
உறங்கும் பூனைபோல் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் தண்ணீரிலிருந்து வந்தது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பேச்சு உண்டாம்,
தாய்தான் சொல்லித்தருவாளாம்.
ஒந்தினின் தாயை விற்றபோது
ஒந்தினுக்கு நாலு வயது.
"பிறகு இரவெல்லாம் அவளோடு பேசியது யார் என்று நினைக்கிறாய்?"
என்று கேட்டுவிட்டு ஸொலேன் போனைத் துண்டித்தாள்.

பழைய பேரிங் இன்னும் குப்பையில்தான் கிடந்தது.
எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
கழற்ற இருபது நிமிடம், மாட்ட இருபது.
உடைந்ததை மறுபடி மாட்டலாமா என்று
எந்தக் கூட்டத்திலும் கேட்க முடியாது.

அவள் கூப்பிட்டாள்.
விட்டு,
பதிலுக்கு இடம் கொடுப்பதுபோல் கொஞ்சம் பொறுத்து,
திரும்பவும் கூப்பிட்டாள்.