ஆறு அங்குலக் குழாய்

முதலில் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்.
இரண்டு இரவு தாங்கியது.
மூன்றாம் நாள் காலை அதன் மூடி
ஹ்ருஷ்கா வீட்டுப் பீக்கன் தோப்பில் கிடந்தது,
பல் பதிந்து,
கடித்துப் பார்த்துப் பிடிக்காமல் துப்பிய பிஸ்கட் மாதிரி.

அடுத்தது மரப்பெட்டி.
ஆணிகள் மிஞ்சின.

அப்புறம்தான் எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள்
கழித்துப்போட்ட குழாயை எடுத்தேன்.
ஆறு அங்குல வாய், நாலடி நீளம், காலங்குலக் கனம்.
ஒரு முனையில் இரும்புத் தட்டு,
சுற்றிலும் மூன்று வரிசை வெல்டிங்.
அதன்மேல் என் பெயரின் இரண்டெழுத்தை
உருகிய கம்பியாலேயே எழுதினேன், அகங்காரம்தான்.
மறுமுனையில் மரையிட்ட மூடி.
திறக்க என் கையளவு நீளத் திருகி வேண்டும்.
பன்றியிடம் திருகி கிடையாது.
எங்களுக்குள் அன்றைக்கு இருந்த வித்தியாசம்
அது ஒன்றுதான்.

துளையில் ஒரு வாரம் போயிற்று.
அரை அங்குலம் போட்டால்
மழையில் மக்காச்சோளம் ஊதி உள்ளேயே அடைத்தது.
ஓர் அங்குலம் ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது.
முக்காலில் நின்றேன்.
உருட்டினால் ஒன்று,
இன்னும் உருட்டினால் இரண்டு,
வாங்கியவன் வட்டி தருகிற மாதிரி.

வாளியில் ஊறவைத்தேன்: மக்காச்சோளம், ஈஸ்ட்,
மலிவான பீர் ஒரு புட்டி,
ஸ்ட்ராபெரி ஜெல்லித் தூள் இரண்டு பொட்டலம்.
நாலாம் நாள் வாளி மூச்சுவிடத் தொடங்கியது.
'பள்ளிக்கூட வாசலுக்கு வராதே அம்மா,
முனையிலேயே நில்லு' என்றான் டோபின்.
முனையிலேயே நின்றேன்.

கொல்வதற்கு இல்லை அந்தக் குழாய்.
கூண்டு வரும்வரை
கூட்டம் ஓரிடத்தில் பழக வேண்டும், அவ்வளவுதான்.
எங்கள் பக்கத்துக்கு ஒரே கூண்டு.
வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர்.

இரவுக் கேமராவில் பார்ப்பேன்.
இடக்காது கிழிந்த பெண்பன்றி ஒன்று
சங்கிலி இழுபடும்வரை மூக்கால் உருட்டிப் போகும்,
வரப்பில் ஏர் திருப்புகிறவன் போல
நின்று, சுற்றி வந்து, இந்தப் பக்கம் உருட்டும்.
பின்னால் குட்டிகள் பொறுக்கிக்கொண்டே வரும்.
எண்ணினால் ஏழு. மறுநாள் எண்ணினால் ஒன்பது.
என் வேர்க்கடலைப் பாத்தியை உழுது புரட்டியவை இவைதான்.
அன்றிரவு அதை மறந்திருந்தேன்.
குழாய் உருளும் ஓசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ஓடை ஏறியது.
விடிந்தபோது கான்கிரீட்டில் நட்ட கம்பம் இருந்தது,
கம்பத்தில் பதினொரு வளையம் சங்கிலி இருந்தது.

அக்டோபரில் எமில் வான்சூரா வந்தார்.
வண்டியின் பின்னால் என் குழாய்.
கையில் ஒரு தாள்.
நாலு மைல் கீழே, அவருடைய நெல்வயலின் மேட்டில்
ஒதுங்கியிருக்கிறது.
மோப்பம் பிடித்துக் கூட்டம் வந்திருக்கிறது.
உருட்டி உருட்டி வரப்பை உடைத்து,
நீரை வடியவிட்டு,
மறுதாம்புப் பயிர் பதினாலு ஏக்கரைப்
பாயாக்கிவிட்டுப் போயிருக்கிறது.
'இதில் உன் எழுத்து இருக்கிறது' என்றார்.

நான் தாளை வாங்கவில்லை.
அவரைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறி
மண்டியிட்டு,
தட்டைச் சுற்றி விரலை ஓட்டினேன்.
ஒரு கீறல் இல்லை.
ஒரு மயிரிழை இல்லை.
'சங்கிலிதான் போயிருக்கிறது, பாருங்கள்,
அது கடையில் வாங்கியது' என்றேன்.
'நெல் போயிருக்கிறது' என்றார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு திருகியில் இருவருமாகத் தொங்கி மூடியைத் திறந்தோம்.
உள்ளே கருத்த மணிகள் ஒரு பிடி,
ஐந்து மாதத்து நாற்றம்.
எமில் பின்வாங்கினார்.
அவர் நாய் பின்வாங்கவில்லை.

பணத்தைத் தவணையில் கொடுக்கிறேன்,
முக்கால் அங்குலத் துளை வழியாக.
கூண்டு வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர்.
எமில் எனக்குப் பின்னால் நிற்கிறார்.

நேற்றுக் காது கிழிந்தவள் வந்தாள்.
கம்பத்தை முகர்ந்தாள்.
குழாய் கிடந்த இடத்தில் மூக்கை வைத்து
ஒன்றுமில்லாததை
ஒரு சுற்று உருட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.