கண்டன்சர் இரண்டு, நாற்காலி இரண்டு

டிக்கியில் என் பக்கம்:
ஃபேன் பெல்ட், இரண்டு மீட்டர் பெட்ரோல் குழாய்,
பழைய காலுறைக்குள் நான்கு ஸ்பார்க் பிளக்,
பாயிண்ட் செட், ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீர்,
பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் மட்டும் மூன்று
(ஒன்று வீட்டிலேயே தொலையும்,
ஒன்று கைதவறி என்ஜினுக்குள் எங்கோ ஒளியும்).
அப்புறம் சுண்டுவிரல் அளவில் ஒரு கண்டன்சர்.
புதுசு. டப்பா பிரிக்காதது.

நெலிதாவின் பக்கம்:
மடக்கு நாற்காலி இரண்டு,
கெட்டில், சின்ன அடுப்பு, மாத்தே இலை ஒரு கிலோ,
கை வைக்காத ஸ்வெட்டர் ஒன்று, ஊசியோடு.
‘நீ வண்டி ஓடுறதுக்கு எடுத்து வைக்கிறே,
நான் ஓடாததுக்கு’ என்றாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
அந்த நாற்காலிகளின் இடத்தில்
ஒரு முழு டைனமோ வைக்கலாமே என்று
மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

அவள் அக்கா மகள் கல்யாணம்.
நானூறு கிலோமீட்டர், பாதிக்கு மேல் சரளைக்கல்.
அறுபத்தெட்டில் பிறந்த பெஜோ.

சாந்தா குரூஸில் காற்றுக்கு
ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்திக்
கதவைத் திறந்தால்
கதவு கீலோடு போகும்.
எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு
நடை பழகும்போதே இது தெரியும்.

தொண்ணூற்றிரண்டாவது கிலோமீட்டரில் இருமியது.
அதன் இருமல் ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி.
இது பெட்ரோல் இருமல் இல்லை,
கரண்ட் இருமல்.
மூக்கைக் காற்றுக்குத் திருப்பி நிறுத்தினேன்,
பானட்டைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தூக்கினேன்,
சந்தோஷமாகத்தான். மறைப்பானேன்,
பதினொரு வருஷமாக இந்த டப்பா
இந்த நிமிஷத்துக்காகத்தானே காத்துக் கிடந்தது.

பன்னிரண்டே நிமிஷம். மாற்றினேன். சாவியைத் திருகினேன்.
அதே இருமல்.

டப்பாவிலேயே செத்திருக்கிறது.
பழையதைப் போட்டேன்.
திரும்பவும் புதியதை.
ஒரு மணி நேரம்
இரண்டு பிணங்களை மாற்றி மாற்றிப் பூட்டினேன்.

காரின் மறைவில் கெட்டில் சீறிக்கொண்டிருந்தது.
நெலிதா என்னைக் கூப்பிடவில்லை.
காலி நாற்காலியைக்
காலால் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள்,
அவ்வளவுதான்.

உட்கார்ந்தேன்.
தூரத்தில் ஒன்பது குவானாக்கோ. எட்டு மேய,
ஒன்று மட்டும் எங்களைக் காவல் காத்தது.
‘இந்தக் கல்யாணம் நிக்காது’ என்றாள்.
‘ஏன் சொல்லலை?’
‘மூணு தடவை சொன்னேன். காரில்.’
காரில் என் காது
முழுசாக என்ஜினுக்குள் இருக்கும்.
அவளுக்கு அது தெரியும், எனக்குத்தான் தெரியாது.
இன்னும் என்னவெல்லாம் காரில் சொன்னாய் என்று கேட்டேன்.
ஸ்வெட்டரில் ஒரு வரிசை முடியும்வரை
அவள் பதில் சொல்லவில்லை.
பிறகு சொன்னாள்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

நாலு மணிக்குக் கம்பளி ஏற்றிய லாரி ஒன்று.
இறங்கியவன் பெயர் எவாரிஸ்தோ.
என்ன கோளாறு என்று கேட்கவே இல்லை.
என் ஸ்டெப்னி டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
மூன்று சுற்று மாத்தே உறிஞ்சினான்,
கம்பளி விலையை ஏசினான்,
அப்புறம்தான் பானட் பக்கம் தலையைத் திருப்பினான்.
லாரியில், ஆடு குளிப்பாட்டும் தொட்டிக்கான
பழைய பம்ப்செட் இருந்தது.
அதன் கண்டன்சரைப் பிடுங்கினான்.
அளவு சேரவில்லை.
கம்பி சுற்றித்
தாயத்து மாதிரி வெளியே கட்டினான்.
முதல் திருகிலேயே பற்றியது.
பம்ப்செட்டுக்கு என்ன செய்வாய் என்றேன்.
ஆடு அழுக்காகவே இருக்கட்டும் என்றான்.

போய்ச் சேர்ந்தபோது கேக் தீர்ந்து
பாட்டுக்காரர்கள் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
நெலிதா மணப்பெண்ணை ரொம்ப நேரம் கட்டிக்கொண்டாள்.

அந்தத் தாயத்தோடுதான் இன்னும் ஓடுகிறது.
டிக்கியில் இப்போது கண்டன்சர் நான்கு,
நாலும் ஓட்டிப் பார்த்துக் கழற்றி வைத்தவை.
நாற்காலி மூன்று.
மூன்றாவதுக்கு இடமில்லை என்கிறாள்.
ஜாக்கியைத் தூக்கி
உன் காலடியில் வைத்துக்கொள் என்கிறேன்.