ச, த, ம்

மர்ஜான் கொண்டுவந்தது ஒரு சதம்.
கடல் தாண்டிப் போய்
தரம் வாங்கித் திரும்பிய சதம்.
திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டி,
வெள்ளை வளையத்துக்குள் செம்பு,
தலைமாட்டில் சீட்டு:
அறுபத்துநாலு. செம்பழுப்பு.
இரட்டை அச்சு, தமிழ் எழுத்தில்.

"கண்டிக்காரர் பன்னெண்டு லட்சம் தாராராம் மிஸ்.
நீங்க ஓம் எண்டு எழுதித் தந்தா நாளைக்கே காசு."

மிச்சக் காசை மறந்துபோகும்
கொண்டக்டர்களின் ஊரில்
ஒரு சதத்துக்குப் பன்னிரண்டு லட்சம்.

முதலில் பெட்டியைப் பார்த்தேன்.
பெட்டிக்கும் போலி உண்டு.
ஓர ஒட்டு சரி. எண்ணை ஃபோனில் தட்ட
படம் வந்தது: அதே தாளிப்பனை,
ஒன்பது மணிப் பக்கம் அதே கறுப்பு மச்சம்.
பெட்டி பொய் சொல்லவில்லை.

பிறகு மின்விசிறியை நிறுத்தி,
வில்லையை இமையோடு ஒட்டி
விளக்கைத் தாழ்த்தினேன்.
நேரே விழும் ஒளியில் எல்லாம் அழகு.
சரிந்து விழ வேண்டும்.

ச-வின் முதுகில் ஒரு படி.
த-வின் வாலில் ஒரு படி.
தட்டையாய், பளபளப்பாய்,
சப்பாத்துக் குதி வழுக்கிய தடம்போல.

அச்சே இரண்டு தரம் வெட்டுப்பட்டிருந்தால்
எழுத்து தடித்திருக்கும்;
இரண்டாவது கோடும் உருண்டு
முதலாவதோடு கூடப் பிறந்திருக்கும்.
இது அடித்த கையோடு அச்சு அதிர்ந்து
விளிம்பை வழித்தது.
கூட்டவில்லை,
எழுத்திலிருந்து களவெடுத்திருக்கிறது.

ம்-இன் தலையில் புள்ளி
ஒற்றையாய், வட்டமாய், அசையாமல்.
சீட்டு எழுதியவர் கூர்மையான கண்காரர்தான்.
புள்ளியும் எழுத்து என்று
யார் அவருக்குச் சொல்லியிருப்பார்?

பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒருவன்
லமினேட் பண்ணிய என் அடையாள அட்டையை
டோர்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
முகத்தை ஒருதரமும் பார்க்கவில்லை.
பிறந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தான்.
அட்டை அசல் என்று
மற்றவனுக்குச் சொன்னது கேட்டது.
அதற்குப் பிறகும் விடியும்வரை
வாங்கிலில் இருத்திவைத்தார்கள்.

"சீட்டில இருக்கே மிஸ்?"
இருக்கு.
"அவர் சீட்டைத்தானே வாங்குறார்?"

அதற்கு என்னிடம் வில்லை இல்லை.
எழுதினேன்:
பெட்டி அசல். நாணயம் அசல்.
தரம் ஏற்கலாம், ஒன்று குறைத்தாலும் சண்டையில்லை.
வகை: இல்லை. அதிர்வு மட்டும்.
கையொப்பம், திகதி.

மர்ஜான் தாளை நாலாய் மடித்தான்.
கிழிக்கவில்லை.
எந்தப் பைக்குள் போனதென்று நான் பார்க்கவில்லை;
மழை தொடங்கியிருந்தது,
ஜன்னல் சாத்த எழும்பினேன்.

மேசையில் என் கூலி, இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்.
அவன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை பொறுத்து
இரண்டையும்
விளக்குக்கு நேரே பிடித்தேன்.