பதினொரு நிமிடம்

தேன்கனிக்கோட்டையில் பஸ் ஏறும்போது சாலை காய்ந்திருந்தது.
பெட்டமுகிலாளத்தில் இறங்கும்போது
சட்டைப் பையில் தீப்பெட்டி வரைக்கும் ஈரம்.

டவரடியில் ஜெனரேட்டர்
யாரையோ விடாமல் திட்டிக்கொண்டிருந்தது.
வடிகட்டி மாற்ற அணைத்தாக வேண்டும்.
பழைய பேட்டரி, பதினொரு நிமிடம் தாங்கும்,
அதற்குள் முடிக்கணும் என்றேன்.
சித்தலிங்கப்பா டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சாவியைத் திருப்பினார்.

டிக்.

ரிலே என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன்.
எல்லா விளக்கும் பச்சை.
டிக். டிக்.
பதினேழு வருடமாக இந்த வேலை.
எந்த ரிலே எப்படி முனகும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
இது எதுவுமில்லை.

"கப்பே" என்றார் அவர் கன்னடத்தில்,
தேடி வந்த போலீசிடம்
பக்கத்து வீட்டைக் காட்டுகிறவர்போல.

சுவரில் நான்கு கேபிள் குழாய்கள்.
மூன்றின் வாயில் நுரை அடைத்தாயிற்று.
நான்காவதில், ஒரு விரல் உள்ளே தள்ளி,
கட்டைவிரல் நகமளவு தவளை.
நனைந்த டீத்தூள் நிறம்.
தொண்டை மட்டும்
அந்த உடம்புக்குக் கடன் வாங்கியதுபோல் பெரிசு.

"இதுக்குக் குளம் குட்டை வேணாம்.
மூங்கில் ஓட்டைக்குள்ள முட்டை வெக்கும்.
குஞ்சு வாலில்லாமலே வெளிய வரும்.
போன வருசம் மூங்கில் பூத்துது.
அந்தச் சரிவு பூரா
நின்னபடியே செத்துப்போச்சு."

வேலைத் தாளில் தெளிவாக இருக்கிறது:
நான்காவது குழாயை அடைக்கவும், எலி நுழைகிறது.
நுரை டப்பா என் பையில்தான்.
படம் அனுப்பினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

மூன்றாவது குழாயை
இடப்பக்கம் சாய்ந்து நின்று
இன்னொரு முறை படமெடுத்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
புது வடிகட்டியைப் பூட்டாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.
டிக், டிக்.
நாங்கள் இரண்டு பேரும்
எதிர்ச் சரிவுப் பக்கம் காதைக் கொடுத்தோம்.
பனி சொட்டியது.
வேறு எதுவும் இல்லை.

பேட்டரி விளக்கு சிவந்து, பிறகு அணைந்தது.
டவர் ஏன் விழுந்தது என்று கேட்டு
ஓசூரிலிருந்து மேனேஜர் கூப்பிட்டிருப்பார்.
டவரே இல்லை, எப்படிக் கிடைக்கும்?

பிறகு ஜெனரேட்டரை ஓட விட்டோம்.
சுவர் அதிர்ந்தது, தகரம் அதிர்ந்தது.
பையை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன்:
உள்ளே தொண்டை உப்புவதும் வற்றுவதுமாக,
சத்தமே கேட்கவில்லை,
ஒரு தரம்கூட விடவில்லை.