கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

அயனாவரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
எங்கள் அறக்கட்டளை.
படுத்த படுக்கையானவர்களுக்குக்
கட்டிலும் வாட்டர் பெட்டும் இரவல் தருகிறோம்.
வாடகை இல்லை.
திரும்பி வந்தால் போதும்,
கட்டில்.

மூவாயிரத்து அறுநூற்றுப் பதினேழு பேர்
எக்செல்லைக் காலி செய்துகொண்டு
புது மென்பொருளுக்குக் குடிபோகிறார்கள்,
இந்த மே மாதத்து வெக்கையில்.
துரைப்பாக்கத்திலிருந்து வந்த ஷர்மிளி
ஏழு பிரிவு போதும் என்றாள்.
"அதுக்கு மேல போனா யாரும் தொட மாட்டாங்க, ரெஜினா மேடம்."

ஏழும் நல்ல பிரிவுகள்தான்.
மாதம் தவறாதவர், எப்போதாவது தருபவர்,
நிறுவனம், பொருளாகத் தந்தவர்,
நினைவுநாளுக்குத் தருபவர், தன்னார்வலர்,
விட்டுப்போனவர்.

முதல் தகராறு கடைசிப் பெயரில் வந்தது.
சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்கிறது அது.
எங்கள் ஆட்களிடம் இருப்பதோ
ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி.
புள்ளியைப் பிரித்து
உள்ளே இருந்த அப்பாவை எடுத்துப் போட்டோம்.
து. இளம்பரிதி தந்த இரண்டாயிரத்துக்கு
'அன்புள்ள திரு. துரைக்கண்ணு' என்று நன்றி போயிற்று.
துரைக்கண்ணு போய்ப் பத்தொன்பது வருடம்.
மகனிடமிருந்து போன்.
மன்னிப்பை வாயில் வைத்துக்கொண்டு எடுத்தேன்.
"இன்னொரு காப்பி கிடைக்குமா?
அண்ணன் வீட்டுக்கும் வேணும்" என்றார்.

அடுத்தது ஒரு ரூபாய்.
நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று.
தொகை வழக்கத்துக்கு மாறானது என்று
எழுநூறு இடத்தில் மஞ்சள் கொடி.
ஷர்மிளிக்கே சிரிப்பு வந்து
எச்சரிக்கையை அணைத்துவிட்டாள்.
அவள் கல்யாணத்து மொய் நோட்டிலும்
அந்த ஒரு ரூபாய் உட்கார்ந்திருக்குமே.

புளியந்தோப்பு கமருன்னிசா
இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்.
பிப்ரவரியில் கட்டில் வாங்கியவர்.
ஆகஸ்டில் தந்தவர்:
சக்கரம் ஒன்று, நாலங்குலம், பிரேக்கோடு.
கோணிக்கொண்டு ஓடும் எங்கள் ஆறாம் நம்பர் கட்டிலை
நேராக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.
இரட்டைப் பதிவு, ஒன்றை நீக்கவா என்கிறது திரை.
எந்தக் கமருன்னிசாவை?
ரத்து என்பதை அழுத்திவிட்டு
மோர் குடிக்கப் போனேன்.

குறிப்பு என்று ஒரு பத்தி இருந்தது பழையதில்.
முன்பிருந்த கணக்கர் கோதண்டபாணி
அங்கேதான் குடியிருந்தார் என்று நினைக்கிறேன்.
'பணம் தருவார், பேச்சுத் தர மாட்டார்.'
'மருமகளிடம் கேட்கவும். மகனிடம் வேண்டாம்.'
'வெள்ளத்தின்போது வந்தவர். பிறகு இல்லை. தேட வேண்டாம்.'
'அரியர்ஸ் வரட்டும் என்கிறார். வராது.'
புதியதில் குறிப்புக்கு ஐம்பது எழுத்து.
மகனிடம் வே
என்று அறுந்து நிற்கிறது ஒரு குடும்பம்.

சாயங்காலம்தான் பார்த்தேன்
கொடையாளர் எண் ஒன்றை.
பெயர்: உ.
தொகை இல்லை, தொலைபேசி இல்லை, பின்கோடு இல்லை.
கோதண்டபாணி முதல் கட்டத்தில் போட்டு வைத்த
பிள்ளையார் சுழியை
ஓர் ஆளென்று எண்ணி ஏற்றிவிட்டிருக்கிறது.
இப்போது அவரிடமும் கடைசிப் பெயர் கேட்டு
நட்சத்திரம் மினுக்குகிறது.

"டெலிட் பண்ணிடுங்க மேடம்."

பண்ணலாம்.
ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான்,
எனக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது.
ஆனாலும் விரல் போகவில்லை.
ஏழையும் இறக்கிப் பார்த்தேன்.
விட்டுப்போனவர் என்றால் வம்பு.
எப்போதாவது தருபவர் என்றால்
ஊரே ஒப்புக்கொள்ளும், அவர்தான் முறைப்பார்.
தன்னார்வலர், கொஞ்சம் பொருந்துகிறது.

கீழே ஹைதர் ஹாரன் அடிக்கிறார்.
ஓட்டேரியில் ஒரு கட்டில் காலியாகிவிட்டதாம்.
கொளத்தூரில் ஒருவர் தரையில் கிடக்கிறாராம்.
ஒரு முனை பிடிக்க ஆள் வேண்டும்.

சேமிக்கவா என்றது திரை.
வந்து சொல்கிறேன்.