ஓரிரு இடங்களில்

தீபம் முடிந்து ஒன்பது நாள்.
கார்த்திகைக்குப் பிறகு மழையில்லை என்று சொல்லித்தான்
முன்பணம் கொடுத்தார் முதலாளி.
இன்னும் கொஞ்சம் கேட்டபோது
மிச்சப் பாதியையும் சொன்னார்:
கர்ணனுக்குப் பிறகு கொடையில்லை.

பள்ளிகொண்டாவுக்குக் கிழக்கே
பாலாற்றின் இந்தக் கரையில்
பதினோராயிரம் பச்சைக்கல்
வரிசை வரிசையாய்க் கிடக்கிறது.
சூளை ஏற
இன்னும் மூன்று வெயில் வேண்டும்.

ஏழு மணிச் செய்தியில்
சளி பிடித்த குரலில் ஒரு பெண் சொன்னாள்:
தென்மேற்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி.
நீலகிரியில் இரவு நேரத்தில் உறைபனி.
வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில்
ஓரிரு இடங்களில்
லேசானது முதல் மிதமான மழை
பெய்யக்கூடும்.

"உறைபனின்னா இன்னா?" என்றாள் பூங்காவனம்.
"தண்ணி புல்லு மேலயே
கல்லு மாதிரி ஆயிடும்."
"நெருப்பு இல்லாமயா?"
"நெருப்பு இல்லாமத்தான்."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"ஆயிரத்துக்கு எவ்ளோ தருவாங்களாம்?" என்றாள்.

சிரித்து முடித்ததும்
தார்ப்பாயை எண்ணினோம்.
ஐந்து. ஆறாவது
சம்பங்கி வீட்டுச் சாவுக்குப் பந்தலாகப் போய்
பதினாறு கழிந்தும் திரும்பவில்லை.
ஐந்தை விரித்தால் ஆறாயிரம் கல் மறையும்.
எந்த ஆறாயிரம்?

ஓரிரு என்றால் ஒன்றா, இரண்டா?
குடியாத்தமா, காட்பாடியா,
ஏரிக்குள் பெய்து வீணாகுமா,
இல்லை, நேற்று நான் அறுத்துப் போட்ட
கிழக்கு வரிசைமேல் வந்து நிற்குமா?
கூடும் என்கிறாள்.
கூடாது என்று அவளிடம் யார் சொல்வது?

ஏகாம்பரம் சொன்னார்:
"காஞ்சதை மூடு. மூணு நாள் உழைப்பு கீது அதுல.
ஈரக்கல்லு போனா ஒரு நாள்தான் போவும்."
கணக்கு சரி.
காய்ந்தது எங்களுடையது.
ஈரக்கல் பூங்காவனம் அறுத்தது.
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
தார்ப்பாயின் ஒரு முனையை அவளே பிடித்தாள்.
ஓரத்துக்கு உடைகல் வைத்ததும் அவளே.

ராத்திரி ஜவ்வாது மலைப் பக்கமிருந்து குளிர்
தரையோடு தரையாக வந்தது.
ஒரு மணிக்குத் தார்ப்பாயைத் தொட்டால் ஈரம்.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
பனிதான்.
மறுபடி தொட்டேன். பனிதான்.

இரண்டரைக்கு
அக்கரையில் இரைச்சல் கேட்டது.
ஒரு லாரி ஜல்லியை யாரோ
நிறுத்தாமல் கொட்டுவதுபோல்.
பிறகு டார்ச் வெளிச்சம் நாலைந்து,
மேலும் கீழும் ஓடின.
ஒரு பெண் பேர் சொல்லிக் கத்தினாள்,
என்ன பேரென்று பிடிபடவில்லை.
மழை ஆற்றின் நடுவரைக்கும் வந்து
தண்ணீர் இல்லாத ஆறு என்று தெரிந்ததோ என்னவோ
அங்கேயே நின்றது.

"நம்ம மேல இல்ல" என்றார் ஏகாம்பரம்,
யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்.
அந்த நிமிஷம் என் வயிறு குளிர்ந்ததை
நான் மறைக்கப் போவதில்லை.

திரும்பிப் பார்த்தால்
எங்கள் காய்ந்த வரிசை மேலிருந்த தார்ப்பாயை
பூங்காவனம் உருவிக்கொண்டிருந்தாள்.
"ஏய், அது நம்மளுது" என்று கத்தினேன்.
அவள் காதில் விழுந்திருக்கும்.
இருபதுக்கு முப்பது பாய்,
பனியில் நனைந்த கனம்,
ஒற்றை ஆளாய் ஆறு தாண்ட முடியாது.
கருவேல முள்ளில் மாட்டி நின்றாள்.
திட்டிக்கொண்டே போய்
மறுமுனையைத் தூக்கினேன்.

அக்கரையில் பாதிக்கு மேல் கரைந்திருந்தது.
கல்லின் மூலைகள்தான் முதலில் போகும்,
பிறகு அவர்கள் முதலாளியின் பேரெழுத்து,
பிறகு எது எந்தக் கல்லென்று தெரியாது.
மிச்சத்தை மூடினோம்.
யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

காலையில் டீக்கடைப் பேப்பரில்
மழை அளவு, மில்லிமீட்டரில்:
வேலூர் 0, குடியாத்தம் 0.
அளக்கிற குடுவை
தாலுகா ஆபீசில் அல்லவா இருக்கிறது.

இன்றைக்கும் அதே பெண், சளி தேவலை:
பெரும்பாலும் வறண்ட வானிலை,
அதிகாலையில் லேசான பனிமூட்டம்.
பூங்காவனம் மண் மிதித்துக்கொண்டிருக்கிறாள்.
தார்ப்பாய் நான்கு.
ஐந்தாவதைக் கேட்டு
இன்னும் ஆள் அனுப்பவில்லை.